நடுத்தட்டு

டீயில் சர்க்கரை போட்டிருக்கிறதா என்று மேடத்திடம் கேட்கக் கூடாது. நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். தன் டம்ளரில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "என்னோடதுல இருக்குண்ணே. உங்களதுல இருக்கான்னு தெரியாது" என்றார்.

"ஒரே மாஸ்டர் போட்ட டீதானே மேடம்?"

"மாஸ்டர் ஒருத்தர்தான். டம்ளர் ரெண்டு."

சொல்லும்போது முகத்தில் கிண்டலும் இருக்காது, கோபமும் இருக்காது. கும்பகோணம் பஸ் போய்விட்டதா என்று கேட்டால், நான் வந்து நின்ற பிறகு போகவில்லை, அதற்கு முன்னால் தெரியாது என்பார். என்னைவிட ஐந்து வயது சின்னவர். நாகப்பட்டினத்துக்காரர். வாப்பா மீன்வலை நூல் விற்கிற கடை வைத்திருந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். இந்தப் பழக்கம் கடையில் வந்ததா, படிப்பில் வந்ததா, பிறவிக் குணமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் இப்படி எழுதுவதைப் பார்த்தால் மேடம் சரி என்பார்.

தஞ்சாவூரில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் லேப். நான் ரத்தம் எடுக்கிறவன். பைக்கில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு குடவாசல், திருவிடைமருதூர் என்று ஊர் ஊராகப் போய் வீட்டிலேயே ரத்தம் எடுத்து வருவேன். பரம்பரையாக வரும் கொழுப்புதான் எங்கள் லேபின் விசேஷம். ஒல்லியாக இருப்பார், அளவாகச் சாப்பிடுவார், நாளெல்லாம் வயலில் கிடப்பார், ஆனாலும் ரத்தத்தில் கொழுப்பு ஏகத்துக்கு ஏறி நாற்பது வயதுக்குள் மாரடைப்பு வந்துவிடும். அப்படிச் சில குடும்பங்கள் உண்டு. அது சோற்றில் வருவதில்லை, பிறப்பில் வருவது.

நான் எடுத்த ரத்தம் வெளியூருக்குப் போய், மரபணுவில் எந்த இடத்தில் என்ன மாறியிருக்கிறது என்ற பட்டியலாகத் திரும்பி வரும். மாறியதெல்லாம் நோயாகிவிடாது. என் மூக்குகூடத்தான் எங்கப்பா மூக்கு மாதிரி இல்லை, அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா? எந்த மாற்றம் திருடன், எது சும்மா அந்தப் பக்கம் நின்ற ஆள் என்று பார்த்துச் சொல்வது மேடத்தின் வேலை.

அவர் மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து பிளாஸ்டிக் தட்டுகள் இருந்தன. மேலிருந்து கீழாக ஒட்டிய சீட்டுகளில், நோய் தருவது, அநேகமாக நோய் தருவது, தெரியாது, அநேகமாகத் தீங்கில்லாதது, தீங்கில்லாதது என்று எழுதியிருக்கும். நடுத்தட்டு எப்போதும் வழியும். எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும்போது தட்டு எதற்கு என்று லேப் முதலாளி கேட்டார். அவரும் ஒரு டாக்டர்தான்.

"கம்ப்யூட்டர்ல வழியாது சார்" என்றார் மேடம்.

முதலாளி விடவில்லை. "தெரியாதுன்னு எழுதுறதுக்கு எதுக்கும்மா பி.எச்.டி.? நம்ம வாட்ச்மேனே சொல்லுவாரே."

"சொல்லட்டும் சார். ஏன் தெரியாதுன்னு நாலு பக்கம் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

ரைஸ்மில் வைத்திருந்த ஒருவர், மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு தார் பூவன் பழத்தோடு மாடியேறி வந்தார். மகனின் ரிப்போர்ட் நடுத்தட்டில் இருந்தது. பெண் வீட்டுக்குச் சேதி போய்விட்டதாம், தீங்கில்லாதது என்று மாற்றிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்றார். மேடம் ஒரு பழத்தை உரித்துச் சாப்பிட்டார். "பழம் நல்லா இருக்குங்க. ரிப்போர்ட் தெரியாதுதான்" என்றார்.

"நல்லதுன்னு ஒரு வார்த்தை எழுதுனா என்னம்மா கெட்டுப்போச்சு?"

"உங்க மகனோட ரத்தம் நான் எழுதுனதைப் படிக்காதுங்க."

வந்தவர் கோபமாகக் கீழே இறங்கிப் போனார். பழத்தாரைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போக அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நாங்கள் நாலு நாள் சாப்பிட்டோம்.

நம் ஜனங்களைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். டெஸ்ட் என்று பெயர் வைத்துவிட்டால் போதும், அதில் பாஸாகியே தீர வேண்டும் நமக்கு. நாளை ரத்தம் எடுக்க வருகிறேன் என்று போன் செய்தால், அங்கே பத்து நாளாகவே ஏற்பாடு நடந்துகொண்டிருக்கும். முட்டையை நிறுத்துவார்கள், காலையில் வெந்தயத் தண்ணீர் குடிப்பார்கள். கும்பகோணத்துப் பக்கம் ஒருவர் முகச் சவரம் செய்து, நெற்றியில் பட்டை போட்டு, சட்டையை இஸ்திரி செய்து உட்கார்ந்திருந்தார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சிலர் பக்கத்து வீட்டுக்காரரின் கொழுப்பு மாத்திரையைக் கடன் வாங்கி இருபது நாள் போட்டுவிடுவார்கள். அளவு அழகாக இறங்கிவிடும். ஃபாரத்தில், மாத்திரை எடுக்கிறீர்களா என்ற இடத்தில் இல்லை என்று சொல்வார்கள். டெஸ்ட் முடிந்ததும் மிச்ச மாத்திரையை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். "உங்களைப் பாக்கத்தான் வர்றோம், உங்க விரதத்தைப் பாக்க வரல" என்று எத்தனையோ வீட்டில் நான் சத்தம் போட்டிருக்கிறேன்.

மேடத்துக்கு இது தெரியும். அதனால் ஃபாரத்தில் யாருக்கும் இல்லை என்று அவர் எழுதியதில்லை. "இல்லை என்கிறார்" என்றுதான் எழுதுவார்.

என் அண்ணன் குறுவை அறுப்பின்போது, அறுப்பு மெஷினுக்கு வழிகாட்டிக்கொண்டு நின்றவர், கொஞ்சம் தலை சுற்றுகிறது என்று வரப்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வயது. அவருக்குக் கண் இமையோரம் மஞ்சளாக ஒரு தடிப்பு உண்டு, கொழுப்பு படிந்தால் அப்படி வரும். எங்கம்மா அதை அதிர்ஷ்ட மச்சம் என்பார். எங்கப்பாவுக்கும் அதே இடத்தில் இருந்ததாம். அவர் நாற்பத்திரண்டில் போனார். எங்கள் வீட்டில் இரண்டு அதிர்ஷ்டசாலிகள்.

அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "எண்ணெயை ஊத்தி ஊத்தி எம்புள்ளையக் கொன்னுட்டா." அண்ணி அப்போது பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்குவதை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றியதில்லை.

அண்ணனுக்கு ஒரே மகள். அப்போது ஒன்பது வயது. அவளுக்குக் கொழுப்பு பார்த்தோம். ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை, நடுவாந்திரமாக நின்றது. பிள்ளைகள் டாக்டர் சொன்னார்: "குடும்பத்துல ஜீன்தான் காரணம்னு உறுதியாகி, அது இவளுக்கும் இருந்துச்சுன்னா மாத்திரையை இப்பவே ஆரம்பிச்சிடலாம். இல்லைன்னா கொழுப்பை மட்டும் பாத்துக்கிட்டே இருப்போம்." அண்ணி ஒரே வார்த்தையில் நின்றார். "ஆயுசு பூரா மாத்திரைன்னா, காரணம் காகிதத்துல இருக்கணும் தம்பி." காகிதத்தில் வேறொன்றும் இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தது எனக்குத் தெரியும். தன் சமையல் இல்லை என்று.

அதனால் எங்கள் குடும்பத்து ரத்தம் மேடத்தின் மேஜைக்கு வந்தது. என் தங்கைக்குக் கொழுப்பு எக்கச்சக்கம், மரபணுவில் ஒரு மாற்றமும் இருந்தது. எங்கள் அத்தைக்கும் அப்படியே. எனக்கும் அதே மாற்றம் இருந்தது, ஆனால் கொழுப்பு மட்டும் சரியாக இருந்தது. காகிதம் நடுத்தட்டுக்குப் போனது.

"கல்லீரல்தாண்ணே ரத்தத்துலேருந்து கொழுப்பை உள்ள வாங்கணும். வாங்குற இடத்துல கோளாறுன்னா வெளியிலயே நிக்கும்" என்றார் மேடம். மதகு அடைத்துக்கொண்டால் வயலில் தண்ணீர் நிற்குமே, அது மாதிரியா என்றேன். "மாதிரிதான். மதகு இல்ல" என்றார். "உங்க வீட்டு மாத்தம் அந்த இடத்துலதான் இருக்கு. ஆனா அது இருந்தும் கொழுப்பு ஏறாத ஆள் ஒருத்தர் அதே வீட்டுல இருக்கார். அப்ப அதுதான் காரணம்னு எப்படி எழுதுறது?"

அந்த ஒருத்தர் நான். எங்கம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "இவன் எங்க வழி" என்று தெருவெல்லாம் சொன்னார்.

நான் பக்கத்து வீட்டுக் கூட்டுறவுச் சங்கச் செயலாளரிடம் இருபத்திரண்டு நாள் மாத்திரை வாங்கிப் போட்டிருந்தேன்.

ஏன் என்று கேட்டால், ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற ரத்தக்காரன் அளவு லேப் முழுக்கத் தெரிந்தால் அசிங்கம் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். உண்மை அது இல்லை. பயம். அண்ணன் வரப்பில் உட்கார்ந்த மாதிரி நானும் எங்கோ ஒரு தெருவில், ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்துவிடுவேன் என்ற பயம். காகிதத்தில் ஒரு நல்ல நம்பரைப் பார்த்தால் அந்தப் பயம் போய்விடும் என்று நினைத்தேன். நிஜமாகவே போய்விட்டது. அதுதான் கேவலம்.

வருடா வருடம் ஆடி மாதம், வாய்க்காலில் தண்ணீர் வருகிற சமயத்தில், மேடம் நடுத்தட்டைக் கவிழ்த்துக் கொட்டி ஒவ்வொரு காகிதத்தையும் முதலிலிருந்து பார்ப்பார். உலகத்தில் வேறெங்காவது இதே மாற்றம் பதிவாகியிருக்கிறதா என்று தேடுவார். எங்கள் காகிதம் வரும்போது என்னைக் கூப்பிடுவார்.

"அண்ணே, அந்தச் சமயத்துல மாத்திரை ஏதாவது?"

"இல்ல மேடம்."

அவர் எழுதிக்கொள்வார். என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்காமலே எனக்குத் தெரியும். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அண்ணன் மகள் வாசலுக்கு ஓடி வருவாள். "சித்தப்பா, என் பேப்பர் வந்துச்சா?" அவளுக்கும் ரத்தத்தில் அந்த மாற்றத்தைத் தேடிப் பார்த்துவிடலாமே என்று மேடத்திடம் ஒருமுறை கேட்டேன். "என்னன்னே தெரியாததைப் பிள்ளைகிட்ட தேடக் கூடாதுண்ணே. இருந்தா என்ன சொல்லுவீங்க?" என்றார். இப்படியே மூன்று ஆடி போயின. பத்தாயிற்று, பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று அவளுக்கு.

மூன்றாம் ஆடியில் மேடம், ஃபாரத்தை நம்பிப் பிரயோஜனமில்லை, நடுத்தட்டு வீடுகளுக்கு நானே வருகிறேன் என்று பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டார். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. "மாத்திரை வச்சிருக்குற பையைக் கொண்டாங்க" என்றார். எல்லா வீட்டிலும் ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்று வந்தது. அதைப் பாயில் கொட்டி ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தார்.

குடவாசல் பக்கத்தில் ஒரு விவசாயியின் பையில் வேறொருவர் பெயர் எழுதிய மருந்துச் சீட்டும் கொழுப்பு மாத்திரை அட்டையும் இருந்தன. போன தடவை ரத்தம் எடுப்பதற்கு முன்னால் மச்சானிடம் வாங்கிப் போட்டாராம்.

எனக்கு வந்ததே கோபம். "ஏங்க, உங்க ஒருத்தரால உங்க வீட்டு ரிப்போர்ட்டே நிக்குதுங்க. உங்க புள்ளைங்களுக்குத்தான் கேடு, தெரியுதா?" என்று கத்தினேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "டெஸ்ட்டுன்னா நல்லபடியா வரணும்னு தோணுமில்ல சார். நீங்க எடுத்தப்ப போடலையா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். மேடம் பாயில் கிடந்த அட்டைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியில் வாய்க்கால் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். புதுத் தண்ணீர் நுரையும் குப்பையுமாக ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனை நாள்?"

"இருபத்திரண்டு."

"எத்தனை மில்லிகிராம்?"

சொன்னேன். கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, பைக் சீட்டின்மேல் வைத்து எழுதினார்.

"மூணு வருஷம் இல்லைன்னீங்க. இன்னிக்கு ஆமாங்குறீங்க. வார்த்தையை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே. இப்ப போடுறீங்களா?"

"இல்ல மேடம். அதுக்கப்புறம் தொடவே இல்ல."

"அப்ப நாளைக்கு எடுப்போம்."

நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "வேணாம். நான் எடுக்குறேன்" என்றார். மறுநாள் அவரே ஊசி குத்தினார். மேடத்துக்கு அந்தக் கை வராது. மூன்று இடத்தில் குத்தி நாலாவது இடத்தில்தான் ரத்தம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நம்பர் வந்தது, எங்கள் தங்கை நம்பருக்குத் தம்பி மாதிரி. அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பி என்னை மாத்திரை ஆரம்பிக்க வைத்தார்.

மற்ற ஆதாரமெல்லாம் ஏற்கனவே சேர்ந்திருந்ததாம். என் அளவு ஒன்றுதான் குறுக்கே நின்றிருக்கிறது. பத்து நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்துவிட்டு, எங்கள் காகிதத்தை எடுத்து ஒரு தட்டு மேலே வைத்தார். அநேகமாக நோய் தருவது. அண்ணன் மகளுக்கு ரத்தம் எடுத்து அனுப்பினோம். அவளுக்கும் அது இருந்தது.

அண்ணியும் அவளும் ரிப்போர்ட் வாங்க வரும் நாளன்று காலையில் மேடத்தின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"மேடம், ஏன் இத்தனை நாள் ஆச்சுன்னு அண்ணி கேட்டா, தெரியாதுன்னு சொல்லிடுங்க. நீங்க தினம் சொல்றதுதானே."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு ஏதோ புரியவில்லையோ என்று அவருக்கே சந்தேகம் வந்ததுபோல இருந்தது.

"தெரியுமேண்ணே" என்றார்.

அண்ணி வந்து உட்கார்ந்தார். மகள் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேடம் ஒவ்வொரு வரியாகச் சொன்னார். அண்ணி முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப அவங்கப்பாவுக்கு?" என்றார்.

"அவருக்கு டெஸ்ட் பண்ணலைங்க. அநேகமா இருந்திருக்கும்."

"என் சமையல்..."

"சமையலால இந்த அளவு ஏறாதுங்க. அது தெரியும்."

தெரியும் என்ற வார்த்தையை ஒரே நாளில் இரண்டு தடவை அவர் வாயால் கேட்டேன். அண்ணி முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மகள் பயந்துபோய், "நான் அப்பா மாதிரி ஆயிடுவேனா?" என்று மேடத்தைக் கேட்டாள்.

"உங்கப்பாவுக்கு என்னன்னு யாருக்கும் தெரியாம இருந்துச்சு. உனக்கு என்னன்னு தெரிஞ்சிருச்சு. அதான் வித்தியாசம். மாத்திரையை விடாம போடணும்."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினார். பிளஸ் டூ படித்தவர், எதையும் கடைசி வரி வரை படிப்பவர். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. "குடும்ப உறுப்பினர் ஒருவர் முன்பு அளித்த தகவல் திருத்தப்பட்டுள்ளது. யாருங்க அது?"

"தெரியும். நான் சொல்லக் கூடாதுங்க."

மேடம் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அதுவே சொன்ன மாதிரி ஆகியிருக்கும். காகிதங்களைத் தட்டி ஒழுங்காக்கி ஸ்டேப்ளரைத் தேடினார். ஸ்டேப்ளர் அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"நான்தான் அண்ணி" என்றேன். செயலாளர் வீட்டு மாத்திரை முதல் பாலம் வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணி என்னைத் திட்டவில்லை. "மூணு வருஷம்" என்று மட்டும் சொன்னார். பிறகு மேடத்தைப் பார்த்துக் கேட்டார். "மூணு வருஷத்துல இவ உடம்புக்குள்ள எதுவும் கெட்டிருக்குமாங்க?"

ஒன்றும் ஆகியிருக்காது என்று ஒரு வார்த்தை. நம் ஊரில் அதைச் சொல்ல யாரும் யோசிப்பதில்லை. நான் மேடத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் வேறெதற்கும் அப்படிக் காத்திருந்ததில்லை.

"தெரியாதுங்க" என்றார் மேடம்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவர்மேல் எனக்கு வெகுநாள் ஆத்திரம் இருந்தது. அடுத்த வருடம் வேறு பெரிய லேபில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கிளம்பும் நாளில் நான் வேண்டுமென்றே வெளியூர் டியூட்டி வாங்கிக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அண்ணி என்னோடு பேசாமல் இல்லை. போனால் வாங்க தம்பி என்கிறார், சாப்பிட்டுத்தான் போகணும் என்கிறார். மீன் வறுக்கிறார், எண்ணெய்ச் சட்டி மறுபடி அடுப்புக்கு வந்துவிட்டது. ஆனால் மகளுக்கு ரத்தம் எடுக்க என்னை விடுவதில்லை. திருவாரூருக்கு அழைத்துப் போய் எடுத்து வருகிறார். எனக்குச் சோறு போடுவதற்கு முன்னால், "மாத்திரை போடுறீங்களா தம்பி?" என்று கேட்பார்.

"போடுறேன் அண்ணி" என்பேன்.

"அட்டையைக் காட்டுங்க" என்பார்.